சாமிக்காக விட்டவர் எனக்காக விடமாட்டாரா?

கேள்வி: என் கணவர் முன்பெல்லாம் தைப்பூச விரதம் என்றால் தண்ணி பக்கமே போகமாட்டார், தண்ணீர்மலைக்குக் காவடியும் எடுப்பார். இந்த வருடம் விரதத்தின் இரண்டாம் நாளே வேர்த்துக் கொட்டி, கோப்பிக் கோப்பையைக்கூடப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது, ராத்திரியே குடித்துவிட்டார். சாமிக்காக விட்டவர், எனக்காகவும் பிள்ளைகளுக்காகவும் விடமாட்டாரா? இனி வீட்டில் ஒரு போத்தல்கூட விடாமல் கொட்டிவிடப்போகிறேன்.
- ஒரு வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: தங்கச்சி, தயவுசெய்து உடனே கொட்டிவிடாதீர்கள், முதலில் அந்தக் கை நடுக்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

மது, மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற ரசாயனத்துக்குப் பலம் கூட்டி, தூண்டிவிடும் குளுட்டமேட் என்ற ரசாயனத்தை அடக்குகிறது. தினமும் இப்படி நடந்தால் மூளை சும்மா இருக்காது, அதை ஈடுகட்டத் தூண்டும் பக்கத்தை ஏற்றிக்கொண்டே போகும். பூசத்தன்று உறுமி முழங்கும் இடத்தில் நாம் கத்திக் கத்திப் பேசுவோமே, மேளம் சட்டென்று நின்றாலும் கொஞ்ச நேரம் அதே கத்தலில்தான் பேசுவோம். மது நின்றதும் அவர் மூளையும் அப்படித்தான் கத்துகிறது. நடுக்கம், வேர்வை, தூக்கமின்மை எல்லாம் அந்தக் கத்தல்தான். முன்பு அவர் மூளை இந்த அளவுக்குப் பழகியிருக்காது, அதனால் விட முடிந்தது. பாசம் குறைந்துபோனதால் இல்லை.

ஆனால் இது ஆபத்து. இப்படிப் பழகியவர் ஒரேயடியாக நிறுத்தினால் முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம், அதையொட்டி இல்லாத பூச்சியெல்லாம் சுவரில் தெரிந்து புத்தி தடுமாறலாம், உயிருக்கே முடிந்துவிடலாம். அப்படி ஏதாவது கண்டால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், 999-க்கு அழையுங்கள். மருத்துவமனையில் நரம்பைச் சாந்தப்படுத்தும் மருந்தைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள், வைட்டமின் பி1-உம் தருவார்கள்.

அப்புறம், நடுக்கம் நின்றதோடு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். வேலை முடிந்து வழக்கமாக வாங்கும் கடையைத் தாண்டும்போது, பல மாதம் ஆன பிறகும் மூளை அந்தப் பழைய சுகத்தை எழுப்பிவிடும், வாக்கைக் காப்பாற்றும் முன்மூளையோ குடியால் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். அதற்கும் நால்ட்ரெக்ஸோன் போன்ற மருந்துகளும் ஆலோசனையும் உண்டு. வேறு பாதையில் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், சின்ன விஷயம்தான், ஆனால் உதவும்.

இந்த வாரமே பக்கத்து அரசாங்க கிளினிக்குக்கு நீங்களும் கூடப் போங்கள். தினம் எவ்வளவு, காலையில் எழுந்ததும் குடிக்கிறாரா, முன்பு வலிப்பு வந்ததா என்று டாக்டர் கேட்பார். வெட்கப்பட்டுக் குறைத்துச் சொல்லவேண்டாம், எவ்வளவு மருந்து என்பதை அதை வைத்துத்தான் அவர் முடிவு செய்வார்.