கச்சான் காற்றில் மின்சாரம்: ராமநாதபுரம் கடற்கரைக் கேள்விகளுக்குப் பதில்

மண்டபம் பக்கத்து மீனவக் குடும்பத்தில் பிறந்தவன் நான். ஆரல்வாய்மொழிப் பக்கம் பல வருடம் காற்றாலைப் பராமரிப்பில் இருந்தேன். நம் கடலில் மின்சாரக் காத்தாடி (காற்றாலை) நட அரசு திட்டமிடுகிறது. வரட்டும், ஆனால் எங்கே நிற்க வேண்டும் என்பதை நாமும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசி வருகிறேன். போகிற இடத்தில் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணே, காத்தாடி நட்டுட்டா நாங்க தொழிலுக்குப் போக முடியுமா? (பாம்பன், நாட்டுப்படகு)

முடியும், முடியாது இரண்டுமே உலகத்தில் நடக்கிறது தம்பி. பிரிட்டனில் கட்டுமானம் நடக்கும்போது ஒவ்வொரு தூணையும் சுற்றி 500 மீட்டருக்குள் படகு போகக்கூடாது. வேலை முடிந்த பிறகு பெரும்பாலும் நடுவே போய் மீன் பிடிக்கலாம். பெல்ஜியத்தில் காற்றாலைப் பகுதியே மீன்பிடிக்கு மூடல். இரண்டு நாட்டிலும் இயந்திரம் கிட்டத்தட்ட ஒன்றுதான், சட்டம் மட்டும் வேறு. இப்போதைய பெரிய காத்தாடியின் இறக்கை வட்டம் 200 மீட்டருக்கு மேல் போகும், அதனால் ஒன்றுக்கொன்று ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளித்தான் நடுவார்கள். தூண்டில், கூடு, நண்டு வலைக்கு இது தாராளம். நீரோட்டத்தோடு போகிற வழிவலைக்குச் சிக்கல் உண்டு, வலை போய்த் தூணில் சுற்றும். ஆகவே ‘மீன்பிடிக்க அனுமதி’ என்று பொதுவாக எழுதினால் போதாது. எந்த வலைக்கு, எந்த மாதத்தில் என்று, கம்பெனிக்குக் கடலைக் குத்தகைக்கு விடும் நிபந்தனையிலேயே எழுதச் சொல்ல வேண்டும்.

61 நாள் தடைக்காலம், அந்தப் பக்கம் எல்லைப் பிரச்சினை, இப்ப இதுவுமா? (தங்கச்சிமடம், விசைப்படகு)

உங்கள் கோபம் நியாயம். மழுப்பாமல் சொல்கிறேன்: இழுவலைக்கும் கடலடிக் கேபிளுக்கும் ஒத்துவராது. காற்றாலை நிற்கிற இடம் விசைப்படகுக்குப் போனது போனதுதான். அதனால்தான் நம் வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், வேண்டாம் என்கிறேன். பாக் விரிகுடா ஆழம் குறைந்தது, இருக்கிற படகுக்கே இடம் போதவில்லை, எல்லை வேறு பக்கத்தில். 2022-இல் அதன் வடபகுதியில், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில், 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகம் என்று அறிவித்திருக்கிறார்கள். தென்கடலில் (மன்னார் வளைகுடா), தீவுகளுக்கு வெளியே நன்றாகத் தள்ளி என்றால் பேசலாம்.

கமுதியில அவ்வளவு பெரிய சோலார் இருக்கே, இது எதுக்கு? (முதுகுளத்தூர்)

கமுதி நிலையம் 648 மெகாவாட், 2016-இல் வந்தது. சாயங்காலம் ஆறரைக்கு அதற்குத் தூக்கம். நம் வீட்டில் ஃபேன், மிக்சி, டிவி எல்லாம் ஓடுவதோ அதற்கு அப்புறம். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அப்படி இல்லை, வைகாசியிலிருந்து புரட்டாசி வரை ராத்திரியிலும் அடிக்கும். கடல்மேல் தடுக்க மலையோ மரமோ இல்லாததால் காற்று தரையில் வருவதைவிட சீராக வரும். ஆனால் கச்சானுக்கும் வாடைக்கும் இடைப்பட்ட நாட்களில் இதுவும் மந்தம்தான். காத்தாடி மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

1964 புயலைப் பார்த்த ஊர் இது. தாங்குமா? (ராமேஸ்வரம்)

காற்று மணிக்குச் சுமார் 11 முதல் 14 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் காத்தாடி சுற்ற ஆரம்பிக்கும். காற்று 90-ஐத் தொட்டால் இறக்கையைக் காற்றுக்குச் சாய்த்து வைத்துவிட்டு தானாக நின்றுவிடும். புயல் பகுதிக்கென்று தனி வகை உண்டு. அது பத்து நிமிடச் சராசரியாக 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரை தாங்கும்படி வடிவமைத்தது. நமக்கு அந்த வகைதான் வேண்டும், விலை கூடினாலும்.

கடற்பசு, பவளப்பாறை, பூநாரை எல்லாம் என்ன ஆகும் சார்? (ராமநாதபுரம், கல்லூரி மாணவி)

நல்ல கேள்வி அம்மா, இதற்குத்தான் எனக்கே முழுத் தெளிவு வர வருடங்கள் ஆயின. முதல் ஆபத்து சத்தம். கடலடியில் இரும்புத் தூணைச் சம்மட்டி கொண்டு அடித்து இறக்கும்போது வருகிற அதிர்வு பல கிலோமீட்டர் போகும். கடற்பசு, ஓங்கில் (டால்பின்) இரண்டும் காதை நம்பி வாழ்பவை. ஜெர்மனியில் 750 மீட்டர் தூரத்தில் 160 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைத்தார்கள். அதற்காக அடிக்கிற இடத்தைச் சுற்றித் துளை போட்ட குழாயைக் கடலடியில் போட்டு, காற்றை ஊதி, குமிழித் திரை எழுப்புகிறார்கள். சத்தம் அந்தக் குமிழியில் மட்டுப்படும். இங்கே அதைக் கட்டாயமாக்கச் சொல்லிக் கேட்கலாம்.

இரண்டாவது, பலரும் மறக்கிற கேபிள். காத்தாடி எவ்வளவு தூரத்தில் நின்றாலும் மின்சாரம் ஏதோ ஓர் இடத்தில் கரையேறத்தானே வேண்டும்? நம் பக்கம் கரையை ஒட்டி 21 தீவுகளோடு 560 சதுர கிலோமீட்டர் கடல்வாழ் தேசியப் பூங்கா, 1986-இலிருந்து. நடுநடுவே கடற்புல், பார் (கடலடிப் பாறைத்திட்டு). அதைத் தோண்டிக் கேபிள் போட்டால் காத்தாடியைவிட அதுதான் பெரிய சேதம்.

பறவைக்கு வருவோம். தனுஷ்கோடியில் 2025-இல் பூநாரைச் சரணாலயம் அறிவித்தார்கள். வலசை வருகிற வழியில் காத்தாடி வரிசை நிற்கக்கூடாது. எதிரே இலங்கையின் மன்னார்த் தீவில் தரைக் காற்றாலைகளை எதிர்த்து 2025-இல் மக்கள் தெருவுக்கு வந்ததற்குப் பறவையும் ஒரு காரணம். நாம் அதை அங்கேயே பார்த்துக் கற்றுக்கொண்டால் நல்லது.

நாங்க பாசி எடுக்கிறவுக. தீவுப் பக்கமே விட மாட்டேங்கிறாக. நட்டஈடு குடுத்தா எங்களுக்கு வருமாய்யா? (சின்னப்பாலம்)

இப்படியே விட்டால் வராது தாயி. நட்டஈட்டுக் கணக்கு படகுப் பதிவேட்டைப் பார்த்துத்தான் தொடங்கும். உங்களுக்குப் படகு ஏது? கையில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி முங்கி எடுப்பதற்கு யார் பதிவேடு வைத்திருக்கிறார்கள்? அதனால் நீங்களே ஒரு நோட்டுப் போடுங்கள். பெயர், எந்த இடம், மாதத்தில் எத்தனை நாள், அன்றைய எடை, விற்ற விலை. ஆறு மாதம் எழுதினாலே அது ஆதாரம். அப்புறம் கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு தடவை கூடுகிறது.

வேலை கிடைக்குமா? (தொண்டி, ஐ.டி.ஐ. முடித்தவர்)

கட்டுகிற வேலையில் பெரும்பகுதி துறைமுகத்தில், இங்கே அல்ல. பராமரிப்புக்குக் கொஞ்சப்பேர் வேண்டும், ஆட்களை ஏற்றிப் போகும் படகுக்கு ஓட்டுநர் வேண்டும். ஆயிரக்கணக்கில் என்று மேடையில் சொல்வதை நம்ப வேண்டாம்.

கரண்ட் பில் குறையுமா? (கீழக்கரை)

குறையாது. ஆனால் பங்கு கேட்கலாம். கோபன்ஹேகன் கடலில் 2000-இல் 20 காத்தாடி நட்டார்கள், மொத்தம் 40 மெகாவாட். அதில் பாதி ஒரு கூட்டுறவுக்குச் சொந்தம், எட்டாயிரத்துக்கு மேற்பட்ட சாதாரண ஜனங்கள் உறுப்பினர். நம் மீனவக் கூட்டுறவுச் சங்கங்கள் ஐந்து சதவீதம் கேட்டால்கூட அதற்கு முன்னுதாரணம் இருக்கிறது.

எப்ப வரும்? நாம எங்க ஆரம்பிக்கிறது? (மண்டபம்)

2024 ஜூனில் மத்திய அமைச்சரவை கடல் காற்றாலைக்கு 7,453 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் தந்தது. குஜராத் கடலுக்கு 500 மெகாவாட், தமிழ்நாட்டுக் கடலுக்கு 500. கடலில் இன்னும் ஒரு தூண்கூட நிற்கவில்லை. நமக்கு இது நல்ல நேரம். ஒன்று கவனியுங்கள்: எந்தத் திட்டத்துக்கு முன் அனுமதி வேண்டும் என்று சொல்கிற 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலை கிடையாது. கருத்துக்கேட்புக் கூட்டம் தானாக வராது, நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். தரைக் காற்றாலை வந்தபோது எங்கள் பக்கத்து விவசாயிகள் தரகரிடம் அடிமாட்டு விலைக்கு நிலத்தை விற்றுவிட்டு, அப்புறம் அதே நிலத்துக்குக் காவலாளியாகப் போனதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

ஆரம்பம் வரைபடம்தான். போன மாதம் வலைக்கொட்டகையில் ஒரு பெரியவரிடம் சார்ட் தாளைக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டார். “கோயில் கோபுரமும் கலங்கரை விளக்கும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு வரணும். அங்கன எட்டுப் பாக ஆழத்துல ஒரு பார்” என்று புள்ளி வைத்தார். ஒரு மணி நேரத்தில் முப்பத்தொரு புள்ளி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். நான் பார்த்த எந்த அரசு வரைபடத்திலும் அந்தப் பெயர்கள் இல்லை. ஒரு பையன் மறுநாள் படகில் போய் ஜி.பி.எஸ். வைத்துப் பார்த்தான், ஆறு இடத்துக்கு ஆறும் சரி. தாளில் கீழக்கரைக்குத் தெற்கே மட்டும் இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது. அங்கே நண்டு வலை விடுகிறவர்கள் இருந்தால் ஞாயிறு சாயங்காலம் கொட்டகைக்கு வாருங்கள், பேனா நான் கொண்டுவருகிறேன்.