ஆய்வுத் தரவுத்தளங்களில் தேட சரியான சொற்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

முழு வாக்கியமாகத் தேடினால் ஒன்றும் வருவதில்லை, ஒற்றைச் சொல்லைப் போட்டால் ஆயிரக்கணக்கில் கொட்டுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆய்வைத் தொடங்கியபோது நானும் இப்படித்தான் திணறினேன். தேடுசொற்களை நானே யோசித்து யோசித்துப் போட்டதுதான் காரணம். அவற்றைக் கட்டுரைகளிலிருந்து எடுக்க வேண்டும்.

என் தலைப்பு, தூக்கக் குறைவு பதின்ம வயது மாணவர்களின் மதிப்பெண்ணைப் பாதிக்கிறதா என்பது. பல தரவுத்தளங்கள் நீங்கள் தரும் எல்லாச் சொற்களும் உள்ள கட்டுரைகளை மட்டுமே காட்டும். நீள வாக்கியம் வெறுங்கையோடு திரும்புவது அதனால்தான். பாதிப்பு, விளைவு, தொடர்பு போன்றவற்றை முதலில் கழித்துவிடுங்கள். எந்தத் துறைக் கட்டுரையிலும் அவை இருக்கும். மிஞ்சுவது மூன்று: தூக்கம், வயது, மதிப்பெண்.

வயதுக்கு நான் 'டீனேஜர்ஸ்' என்றே பல நாள் தேடிக்கொண்டிருந்தேன். அப்புறம் பொருத்தமான ஒரு கட்டுரை கிடைத்தது. அதன் பதிவை முழுவதும் திறந்தால், சுருக்கத்துக்குக் கீழே பொருள் தலைப்புகள் என்று ஒரு வரிசை. அங்கே 'அடோலசென்ட்ஸ்' என்றும், மதிப்பெண்ணுக்கு 'அகடமிக் அச்சீவ்மென்ட்' என்றும் இருந்தது. அவற்றைப் போட்டுத் தேடியதும் அதுவரை கண்ணில் படாத கட்டுரைகள் வரிசையாக வந்தன. அந்த மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது!

ஆசிரியர்கள் ஆளுக்கொரு சொல்லை எழுதினாலும் ஒரே பொருளுக்கு ஒரே தலைப்பு என்பதுதான் இந்த ஏற்பாடு. மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட் பயன்படுத்தும் 'மெஷ்' சொற்பட்டியல் 1960 முதல் இருக்கிறது. அதில் 'ஹார்ட் அட்டாக்' என்று தேடினால் 'மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்' என்ற தலைப்புக்குக் கொண்டுபோய் விடும். கல்வித்துறைக்கு எரிக் தளத்திலும் தனிச் சொற்பட்டியல் உண்டு. ஆனால் புதிதாகச் சேர்ந்த கட்டுரைகளுக்குத் தலைப்பு இன்னும் ஏறாமல் இருக்கலாம். அதனால் தலைப்புச் சொல்லையும் பேச்சு வழக்குச் சொல்லையும் சேர்த்தே தேடுங்கள்.

சேர்க்கும் முறை எளிது. ஒரே பொருள் தரும் சொற்களுக்கு இடையே 'ஆர்' (OR), வெவ்வேறு கருத்துகளுக்கு இடையே 'அண்ட்' (AND). பப்மெட்டில் இவற்றை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். ஒவ்வொரு 'ஆர்' கூட்டத்தையும் அடைப்புக்குறிக்குள் போட மறக்காதீர்கள். பப்மெட் இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே போகும், வேறு சில தளங்கள் 'அண்ட்'டை முதலில் கவனிக்கும். குறி இல்லாவிட்டால் அதே தேடலுக்குத் தளத்துக்குத் தளம் வேறு விடை வரும். சொற்றொடருக்கு மேற்கோள் குறி போதும். சொல்லின் அடிப்பகுதிக்குப் பின் நட்சத்திரக் குறி போட்டால் அதன் மற்ற வடிவங்களும் வரும். சொல்லை ரொம்பச் சின்னதாக வெட்டிவிடாதீர்கள், சம்பந்தமில்லாத சொற்களும் உள்ளே வந்துவிடும்.

ஒரு சொல்லை விலக்கும் 'நாட்' (NOT) மட்டும் வேண்டாம் என்பேன். பெரியவர்களைப் பற்றிய கட்டுரைகள் தேவையில்லை என்று 'அடல்ட்ஸ்' சொல்லை விலக்கிப் பார்த்தேன். மாணவர்களையும் பெரியவர்களையும் ஒப்பிட்ட, எனக்கு மிகவும் தேவைப்பட்ட ஒரு கட்டுரையும் சேர்ந்து போய்விட்டது.