எண்ணெயைக் குறைத்தால் ஆண் ஹார்மோன் குறையுமா? மலையிலிருந்து வந்த கேள்விகள்

சாப்பாட்டில் உள்ள கொழுப்புக்கும் ஆண்களின் டெஸ்டோஸ்டிரோனுக்கும் என்ன தொடர்பு என்று கொடைக்கானலிலிருந்தும் கீழ்மலை ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகள் இவை. பதில் சொல்பவர் கொடைக்கானலில் உணவு ஆலோசகராக இருப்பவர். பெயர்களை வேண்டுமென்றே போடவில்லை.

கேள்வி (பண்ணைக்காடு, வயது 28): அண்ணா, ஏழெட்டு மாதமாக எண்ணெயே இல்லாமல் சாப்பிடுகிறேன். காலையில் ஓட்ஸ் கஞ்சி. மதியம் சாதம், ரசம், வேகவைத்த சௌசௌ, நாலு முட்டையின் வெள்ளைக்கரு. ராத்திரி எண்ணெய் விடாத ரெண்டு சப்பாத்தி, கொழுப்பு நீக்கிய பால். 78 கிலோவிலிருந்து 64க்கு வந்துவிட்டேன். ஆனால் எப்போதும் குளிர்கிறது, அசதி, தாம்பத்திய ஆசையும் சுத்தமாகப் போய்விட்டது. எண்ணெயை விட்டதுதான் காரணமா?

பதில்: பாதிக் காரணம் அதுவாக இருக்கலாம் தம்பி. உங்கள் சாப்பாட்டைக் கூட்டிப் பார்த்தேன். ஓட்ஸில் நாலு கிராம், சப்பாத்தியில் ரெண்டு, மற்றதெல்லாம் சேர்த்தாலும் நாள் முழுக்க 10 கிராம் கொழுப்பு வருவதே கஷ்டம். ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி. அப்படியானால் கொழுப்பிலிருந்து கிடைப்பது 90 கலோரிதான், மொத்தத்தில் பத்து சதவீதம்கூட இல்லை.

ஃபின்லாந்தில் 1984இல் வெளியான ஓர் ஆய்வு. ஆரோக்கியமான 30 ஆண்களின் சாப்பாட்டில் கொழுப்பின் பங்கை 40 சதவீதத்திலிருந்து 25க்குக் குறைத்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் கிட்டத்தட்ட 15 சதவீதம் இறங்கியது. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் ஏறிவிட்டது. 2021இல் இப்படிப்பட்ட ஆறு ஆய்வுகளை, மொத்தம் 206 ஆண்களை, ஒன்றாக வைத்துப் பார்த்தபோதும் 10 முதல் 15 சதவீதம் குறைவு என்றுதான் வந்தது. 206 பேர் என்பது சின்னக் கூட்டம்தான். அதனால் இதை நம்பலாம், ஆனால் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒன்றைக் கவனியுங்கள். ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 500 நானோகிராம் டெஸ்டோஸ்டிரோன் இருந்தவருக்கு 15 சதவீதம் போனால் 425. அது நார்மல்தான். எண்ணெயை விட்டது மட்டுமே ஒருவருக்கு ஆசையை முழுதாக அணைத்துவிடாது. உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது: நாள் முழுக்கச் சாப்பிடுவது 1,200 கலோரியைத் தாண்டாது போலிருக்கிறது. வயிற்றைக் காயப்போட்டால் மூளையே அந்த ஹார்மோனுக்கான உத்தரவைக் குறைத்துக்கொள்ளும். எப்போதும் குளிர்கிறது என்கிறீர்கள், அதைக் கொடைக்கானல் குளிர் என்று விட்டுவிடாதீர்கள். தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். மஞ்சள் கருவோடு ரெண்டு முட்டை, அதில் 10 கிராம் கொழுப்பு. ஒரு கைப்பிடி வேர்க்கடலை, 30 கிராம் அளவு, அதில் 15. சமையலுக்கு நாலு டீஸ்பூன் கடலெண்ணெயோ நல்லெண்ணெயோ, அது 18. கொழுப்பு நீக்கிய பாலை விட்டுவிட்டுச் சாதாரணப் பாலும் தயிரும், அதில் ஒரு 10. ஏற்கெனவே உள்ளதோடு சேர்த்தால் 60 கிராமைத் தாண்டும். சாதத்தையும் பருப்பையும் கூட்டி 2,200 கலோரிக்குக் கொண்டுவந்தால் கொழுப்பு கால்வாசி. அது போதும்.

கேள்வி (பெரும்பாறை, 41): அப்படியானால் தினமும் நாலு ஸ்பூன் நெய் கூடுதலாகச் சாப்பிட்டால் ஏறுமா? கொலஸ்ட்ராலிலிருந்துதானே இந்த ஹார்மோன் உருவாகிறது?

பதில்: உருவாவது அதிலிருந்துதான். ஏறாது.

விரையில் உள்ள லேடிக் செல்கள் கொலஸ்ட்ராலை எடுத்து, படிப்படியாக மாற்றி டெஸ்டோஸ்டிரோன் ஆக்குகின்றன. ஆனால் அந்தக் கொலஸ்ட்ராலை நீங்கள் தின்றுதான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. உடம்பே, முக்கியமாக ஈரல், தேவையானதைத் தயாரித்துக்கொள்கிறது. எவ்வளவு செய்ய வேண்டும் என்ற உத்தரவு மூளையடியில் உள்ள பிட்யூட்டரியிலிருந்து எல்.ஹெச். என்ற ஹார்மோன் வழியாக வருகிறது. களத்தில் காப்பிப் பழம் மலையாகக் குவிந்து கிடந்தாலும் தோல் உரிக்கும் பல்ப்பர் இயந்திரம் அதன் வேகத்தில்தானே சுற்றும்? சாப்பாட்டில் கொழுப்பு அளவுக்குக் கீழே போனால் ஹார்மோன் குறைகிறது, அளவுக்கு மேலே போனால் கூடுவதில்லை. இங்கேதான் எல்லாரும் குழம்புகிறார்கள்.

நாலு ஸ்பூன் கூடுதல் நெய் என்றால் தினமும் 150 கலோரிக்கு மேல். அது எங்கே போகும்? தொப்பைக்கு. தொப்பைக் கொழுப்பில் அரோமட்டேஸ் என்ற நொதி இருக்கிறது, அது டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும். கூடவே உடலில் இன்சுலின் ஏற ஏற, ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனைச் சுமந்து செல்லும் புரதம் குறையும். நாற்பது வயதில் ரிப்போர்ட் குறைவாக வந்து என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு நான் முதலில் எடுப்பது இடுப்பு அளவு நாடா. நெய் பிடிக்கும் என்றால் பருப்புச் சாதத்தில் ஒரு ஸ்பூன் விட்டுச் சாப்பிடுங்கள், ருசிக்காக. மருந்து என்று நினைத்து வேண்டாம்.

கேள்வி (தாண்டிக்குடி, 35): எங்கள் தோட்டத்தில் காப்பிக்கு நடுவே பட்டர் ஃப்ரூட் மரங்கள் நிற்கின்றன. ஆண்மைக்கு அதைப் போல வேறில்லை என்கிறார்கள். நிஜமா?

பதில்: பழம் நல்ல பழம், பேச்சு கொஞ்சம் அதிகம். 100 கிராம் சதையில் ஏறக்குறைய 15 கிராம் கொழுப்பு, ரகத்தைப் பொறுத்துக் கூடும் குறையும். அதில் பெரும்பகுதி கடலெண்ணெயில் இருப்பது போன்ற ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு. குறைவாகக் கொழுப்பு சாப்பிடுகிறவருக்கு நல்ல சேர்மானம். விலை குறைந்து தரையில் விழுந்து வீணாவதை வீட்டில் சாப்பிடலாமே! ஆனால் நீங்கள் சாப்பிடும் விதத்தைச் சொல்லவில்லை. நம் பக்கத்தில் அதைப் பாலும் நாலு ஸ்பூன் சர்க்கரையும் போட்டு அடிப்பதுதான் வழக்கம். உப்பும் மிளகுத்தூளும் போட்டுப் பாருங்கள், மிளகும் உங்கள் தோட்டத்திலேயே இருக்குமே.

கேள்வி (கொடைக்கானல், 38): வத்தலக்குண்டு போயிருந்தபோது அப்படியே டெஸ்ட் எடுத்தேன். 288 வந்தது. பயமாக இருக்கிறது சார்.

பதில்: எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்? மதியம் சாப்பிட்டுவிட்டு என்று பிற்பாடு சொன்னீர்கள். அந்த ரிப்போர்ட்டை ஓரமாக வையுங்கள். டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருக்கும், மாலைக்குள் இறங்கும். சாப்பிட்டதும் தற்காலிகமாகக் குறையும். காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில், வெவ்வேறு நாளில் ரெண்டு முறை எடுக்க வேண்டும். ரெண்டு முறையும் 300 நானோகிராமுக்குக் கீழே வந்து, அறிகுறிகளும் இருந்தால்தான் டாக்டர் மேற்கொண்டு பார்ப்பார்.

இன்னொரு விஷயம், முதல் பஸ்ஸைப் பிடிக்க மூன்று மணிக்கே எழுந்து கீழே இறங்கி ரத்தம் கொடுக்காதீர்கள். 2011இல் வந்த ஓர் ஆய்வில் பத்து இளைஞர்களை ஒரு வாரம் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவைத்தார்கள். பகல் நேர அளவு 10 முதல் 15 சதவீதம் இறங்கியது. எண்ணெய் ஆய்வுகளில் வந்த அதே குறைவு, பாருங்கள். முடி கொட்டுவதற்குப் பயோட்டின் மாத்திரை போடுகிறவர் என்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சில நாள் முன்பே நிறுத்துங்கள். சில கருவிகளில் அது அளவைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும்.

கேள்வி (ஏரி ரோட்டில் கடை, 45): நாங்கள் நாள் முழுக்க பஜ்ஜி, பஃப்ஸ் வாசத்திலேயே இருக்கிறோம். கொழுப்புக்குக் குறைவே இல்லை. எங்களுக்குக் கவலை வேண்டாம்தானே?

பதில்: உங்களுக்குத்தான் கவலை வேண்டும் அண்ணே! எல்லாக் கொழுப்பும் ஒன்றல்ல. வனஸ்பதியிலும் திரும்பத் திரும்பக் காயும் எண்ணெயிலும் டிரான்ஸ் கொழுப்பு சேரும். ஸ்பெயின் இளைஞர்களிடம் நடந்த ஓர் ஆய்வில் டிரான்ஸ் கொழுப்பு அதிகம் சாப்பிட்டவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருந்தது. அது தொடர்பு மட்டுமே, காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இதயத்துக்கு அது கெடுதல் என்பதில் சந்தேகமே இல்லை. 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், வனஸ்பதியில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். பாக்கெட்டில் வரும் எண்ணெய்க்கு அது சரி, மூன்று நாளாக உங்கள் சட்டியில் கறுத்துக் கிடக்கும் எண்ணெயை யார் அளப்பது?

கேள்வி (கொடைக்கானல், 24): மீல் மேக்கர் சாப்பிட்டால் பெண் தன்மை வந்துவிடுமா?

பதில்: வராது. மீல் மேக்கர் சோயாவில் செய்வது, சோயாவில் ஈஸ்ட்ரோஜன் போன்ற பொருள் இருப்பதால் வந்த பயம் அது. சோயா ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் டெஸ்டோஸ்டிரோன் குறையவில்லை. பயப்படாமல் சாப்பிடுங்கள்.

கேள்வி (கே.சி.பட்டி, பெண்): சார், வீட்டுக்காரருக்கு 52 வயது. கொலஸ்ட்ரால் மாத்திரை போடுகிறார். கொலஸ்ட்ராலைக் குறைத்தால் ஆண்மையும் குறையும் என்று யாரோ சொல்ல, நிறுத்திவிடுவேன் என்கிறார்.

பதில்: நிறுத்தவிடாதீர்கள் அம்மா. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையால் டெஸ்டோஸ்டிரோன் குறைந்தாலும் மிகச் சின்ன அளவுதான். இந்த வயதில் விறைப்பில் குறை வந்தால் பெரும்பாலும் ரத்தக்குழாய் அடைப்பும் சர்க்கரையும்தான் பின்னால் நிற்கும், அந்த அடைப்பைத் தடுக்கத்தான் மாத்திரையே. அவருக்குச் சர்க்கரை பார்த்து எத்தனை நாள் ஆகிறது?

கேள்வி (கொடைக்கானல், 26): ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடச் சொன்னார்கள், சில மாதம் போட்டேன். சாப்பாட்டைவிட இது வேகமாக வேலை செய்கிறது. இப்போது கல்யாணம் ஆகிவிட்டது, குழந்தை தங்கவில்லை. சாப்பாட்டை மாற்றினால் சரியாகுமா?

பதில்: சாப்பாட்டால் சரியாகிற விஷயம் இல்லை இது. வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் பிட்யூட்டரி உத்தரவை நிறுத்திவிடும், விந்தணு உற்பத்தியும் நின்றுபோகும், விரை சுருங்கவும் கூடும். ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்பும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்தையும் தாண்டும். இந்த வாரமே ஓர் எண்டோகிரைன் டாக்டரை, அதாவது ஹார்மோன் டாக்டரைப் பாருங்கள். எந்த ஊசி, எத்தனை முறை, கடைசியாக எப்போது என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். டெஸ்டோஸ்டிரோன், எல்.ஹெச்., விந்தணு உற்பத்திக்குப் பிட்யூட்டரி அனுப்பும் எஃப்.எஸ்.ஹெச். மூன்றையும் காலையில் எடுக்கச் சொல்வார், விந்துப் பரிசோதனையும் இருக்கும். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள், இவ்வளவு நாள் குறை தன்னிடம்தான் என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டிருக்கலாம்.