என் மேசையில் என்ன இருக்கிறது? – கேள்வி பதில்

சிறுகதை எழுதுகிறேன், பிழைதிருத்தமும் பார்க்கிறேன். இரண்டும் சேர்ந்து இருபது வருடம் ஓடிவிட்டது. எழுத உட்காரும்போது எதையெல்லாம் பக்கத்தில் வைத்துக்கொள்கிறீர்கள் என்று பலர் கேட்டிருந்தார்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கல்லூரி மாணவர், திருச்சி: அக்கா, நீங்கள் இன்னும் கையால்தான் எழுதுகிறீர்களா? என்ன பேனா?

முதல் படி கையால்தான், தம்பி. கோடு போட்ட லாங் சைஸ் நோட்டு. வலப்பக்கம் மட்டும் எழுதுவேன். இடப்பக்கத்தைக் காலியாக விட்டுவிடுவேன். பத்து நாள் கழித்துத் தோன்றும் வரி, மாற்ற வேண்டிய பெயர், ‘இவளுக்கு இது எப்படித் தெரியும்?’ போன்ற சந்தேகம் எல்லாம் அங்கே போகும். பேனா சாதாரண பால்பாயிண்ட். ஜெல் பேனாவில் எழுதிய ஒரு கதை மழையில் நனைந்து மொத்தமும் நீலக் குளமாகிவிட்டது. அதிலிருந்து ஜெல் பேனா கடையில் கையெழுத்துப் போட்டுப் பார்க்க மட்டும்தான்.

ஆசிரியை, கோவை: எந்த அகராதி வாங்கலாம்? ஒன்று போதாதா?

பரீட்சைக்கு ஒன்று போதும். கதை எழுதுகிறவருக்கு எனக்குத் தெரிந்து மூன்று வேண்டும். அதில் ஒன்றுக்குத்தான் காசு செலவு.

அந்த ஒன்று க்ரியா பதிப்பகத்தின் தற்காலத் தமிழ் அகராதி. 1992இல் முதலில் வந்தது, 2008இலும் 2020இலும் விரிவாக்கிய பதிப்புகள் வந்தன. பொருளோடு நிறுத்தாமல், சொல்லை வைத்து ஒரு வாக்கியமும் எழுதிக் காட்டியிருப்பார்கள். எனக்கு அந்த வாக்கியம்தான் முக்கியம். பொருள் தெரிந்தும், எந்தச் சொல்லோடு எந்த வினை சேரும் என்று தடுமாறுகிற இடங்கள்தான் எழுதும்போது அதிகம்.

இரண்டாவது, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், 1939இல் ஒரு பின்னிணைப்பு, லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளை. ஒரு சொல் பழைய நூல்களில் என்ன பொருளில் வந்தது என்று பார்க்க இதுதான். ‘நாற்றம்’ ஒரு காலத்தில் நறுமணத்தையும் குறித்தது. இன்று அதே சொல்லைச் சொன்னால் மூக்கைப் பொத்துவோம்.

மூன்றாவது, வின்ஸ்லோ என்ற அமெரிக்கப் பாதிரியாரின் தமிழ்–ஆங்கில அகராதி, 1862. இதைப் பலர் சீண்டுவதே இல்லை. பழைய காலக் கதை எழுதும்போது நான் இதை ஒரு காவல்காரன் மாதிரி வைத்துக்கொள்வேன். 1880இல் நடக்கும் கதையில் ஒருவர் ஒரு சொல்லைப் பேசுகிறார். அது வின்ஸ்லோவில் இருந்தால் அவர் வாயில் தைரியமாக வைக்கலாம். இல்லை என்பதற்காக அந்தக் காலத்தில் அப்படி ஒரு சொல்லே இல்லை என்று சொல்லிவிட முடியாது; ஆனால் ஒரு தடவை யோசிப்பேன்.

லெக்சிகனும் வின்ஸ்லோவும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகத்தில் இலவசமாகத் தேடக் கிடைக்கின்றன.

யாழ்ப்பாணத்திலிருந்து: அக்கா, என்ரை கதையில் ‘கதைத்தான்’ என்று எழுதியதைச் சென்னையில் பிழைதிருத்தியவர் ‘பேசினான்’ என்று மாற்றிவிட்டார். என்ன செய்யலாம்?

அந்தப் பாவத்தை நானும் செய்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன்பு ஓர் ஈழத்துக் கதையில் ‘பெட்டை’ என்று வந்ததைப் பார்த்து, ஒரு பெண் குழந்தையை இப்படியா சொல்வது என்று நானாகவே ‘சிறுமி’ ஆக்கிவிட்டேன். அங்கே அது சிறுமியைச் சொல்லும் சாதாரணச் சொல் என்று எழுதியவர் பொறுமையாக விளக்கினார். வெட்கமாக இருந்தது.

கதையோடு ஒரு தாளில் பத்துப் பதினைந்து சொற்களை எழுதி, ‘இவற்றை மாற்ற வேண்டாம்’ என்று குறித்து அனுப்புங்கள். க்ரியா அகராதியில் இலங்கை வழக்கு என்று குறித்த சொற்கள் நிறைய உண்டு. அதைக் காட்டினால் வாதமே வராது. 2005இலிருந்து இயங்கும் ‘நூலகம்’ என்ற ஈழத்து மின்னூலகம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இங்கே பிழைதிருத்துகிறவர்களுக்குச் சொல்கிறேன்: சந்தேகம் வந்தால் அங்கே பழைய ஈழத்து இதழ்களைப் புரட்டிவிட்டுச் சிவப்புப் பேனாவை எடுங்கள்.

தமிழ்நாட்டு வட்டாரங்களுக்கு, கி. ராஜநாராயணனின் கரிசல் அகராதியும் பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதியும் என் அலமாரியில் உண்டு. ஆனால் அவற்றிலிருந்து சொல் பொறுக்கிக் கதையில் தூவாதீர்கள். காதில் விழுந்த சொல்லைச் சரிபார்க்கத்தான் அவை.

ஐ.டி. ஊழியர், சென்னை: தங்கிலீஷில் அடித்துத்தான் தமிழ் வரவழைக்கிறேன். தமிழ்99 கற்றுக்கொள்வது வீண் வேலையா?

வீண் இல்லை. 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ் விசைப்பலகை அமைப்பு அது. உயிரெழுத்து எல்லாம் இடது கையில், மெய்யில் பெரும்பகுதி வலது கையில். புள்ளி பாதி இடங்களில் தானாகவே விழும்: ‘க’ இரண்டு முறை தட்டினால் ‘க்க’, ‘ந’வும் ‘த’வும் அடுத்தடுத்துத் தட்டினால் ‘ந்த’. ‘பந்தல்’ என்பதற்கு ஐந்து தட்டு. ஆங்கில எழுத்தில் ஏழு.

தட்டு மிச்சமாவதை விடுங்கள். ‘ள’வா ‘ழ’வா என்று யோசிக்க வேண்டிய மூளை, பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று யோசித்துக்கொண்டிருக்கிறதே, அதுதான் எனக்குப் பிடிக்காதது. முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். எனக்கு மூன்றாவது வாரம் விரல் பழகிவிட்டது. விண்டோஸிலும் மேக்கிலும் கூடவே வருகிறது, தனியாக இறக்க வேண்டியதில்லை.

மதுரையிலிருந்து: நானே எழுதிய கோப்பில் ‘ஔவை’ என்று தேடினால் கிடைக்க மாட்டேன் என்கிறது. கண்ணெதிரே இருக்கிறது!

‘ஔ’ என்ற ஒற்றை எழுத்துக்குப் பதில் ‘ஒ’வும் ‘ள’வும் சேர்த்து அடித்திருப்பீர்கள். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு. இதே போல ‘எ’ இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழு (௭) உட்கார்ந்திருக்கும். போன வருடம் ஒரு நாவலில் நாற்பது இடத்தில் பிடித்தேன். இப்போது எந்தக் கோப்பு வந்தாலும் முதல் வேலையாக இந்த இரண்டையும் தேடி மாற்றிவிட்டுத்தான் படிக்கத் தொடங்குகிறேன்.

பலர்: ஒற்றுப் பிழையைத் திருத்த மென்பொருள் உண்டா?

எழுத்துப் பிழைக்கு வாணி, சந்திப் பிழைக்கு நாவி. இரண்டும் இணையத்தில் இலவசம், இரண்டையும் பயன்படுத்துகிறேன். சொன்னதையெல்லாம் கேட்பதில்லை. ‘வேலை கொடு’ என்றால் செய்ய வேலை கேட்கிறார். ‘வேலைக் கொடு’ என்றால் முருகன் கையிலிருக்கும் வேலைக் கேட்கிறார். இதில் எது உங்கள் கதை என்று உங்களுக்குத்தான் தெரியும்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்: 1940களில் நடக்கும் நாவல் எழுதுகிறேன் அம்மா. தகவல் எங்கே தேடுவது?

பழைய நூல்களுக்கு 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், விக்கிமூலம். நாட்டுடைமையாக்கப்பட்ட பலரின் நூல்களும் கிடைக்கும். ஆனால் ஐயா, நாவலுக்கு நூலைவிடப் பழைய பத்திரிகைதான் உதவும். அதிலும் விளம்பரப் பக்கம். சோப்பு என்ன விலை, எந்த மாத்திரையை எப்படிப் புகழ்ந்தார்கள், எந்த சினிமா எந்தக் கொட்டகையில் என்பதெல்லாம் அங்கேதான். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு வாரம் ஒதுக்கிப் போய் உட்காருங்கள். கோட்டையூரில் ஒருவர் தனியாளாகச் சேர்த்த புத்தகங்களும் இதழ்களும் துண்டு நோட்டீசுகளும்தான் அதன் அடித்தளம்.

இல்லத்தரசி, சேலம்: குரலில் சொல்லி எழுதவைப்பது சரிவருமா?

குறிப்புக்குச் சரி. அடுப்படியில் கை ஈரமாக இருக்கும்போது நானும் செய்கிறேன். கதைக்கு எனக்கு ஒத்துவரவில்லை. அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: எழுதியதைக் கைபேசியை வாசிக்கச் சொல்லுங்கள். உணர்ச்சியே இல்லாத அந்தக் குரலில், ஒரு பக்கத்தில் எட்டு ‘ஆனால்’ வந்திருப்பது பளிச்சென்று கேட்கும்.

பிரதி எடுத்து வைப்பது எப்படி?

ஒன்று இணையத்தில் (கிளவுடில்), ஒன்று பென்டிரைவில், முடிந்த கதை ஒன்று தாளில். மடிக்கணினி மெதுவாக ஓடுகிறது என்று ஒரு கடையில் கொடுத்தேன். துடைத்துக் கழுவிப் புத்தம் புதிதாகத் திருப்பித் தந்தார்கள். உள்ளே இருந்த ஏழு கதைகளையும் சேர்த்துத்தான் கழுவியிருந்தார்கள். இரண்டு, நோட்டில் இருந்ததால் பிழைத்தன.

கனடாவிலிருந்து: அப்பா தொண்ணூறுகளில் பாமினி எழுத்துருவில் அடித்த கட்டுரைகள் இருக்கின்றன. திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கிறது. போனது போனதுதானா?

போகவில்லை. பாமினி எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தது. அதனால் எழுத்துரு இல்லாத கணினியில் அப்படித் தெரிகிறது. பாமினியிலிருந்து, இன்று எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உண்டு, ஒட்டினால் மறுநொடி தமிழ். நடுவில் ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் மாறி உளறலாகிவிடும். அந்த இடங்களைக் கையால்தான் திருத்த வேண்டும். மூலக் கோப்பைத் தொடாமல் நகலில் வேலை செய்யுங்கள். அப்பா எடுத்த அச்சுப் பிரதி ஏதாவது வீட்டில் கிடந்தால், பழுப்பாகிவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.