மலிவான கைத்துப்பாக்கியும் அரிதான ரவையும்

கேள்வி: டெக்சாஸ் மாநிலத்தில் வசிக்கும் என் மகன், வீட்டுப் பாதுகாப்புக்கென நண்பர் ஒருவரிடமிருந்து பழைய கிளொக் கைத்துப்பாக்கியொன்றை வாங்க எண்ணியிருக்கிறான். அது .45 ஜி.ஏ.பி. என்ற ரவைக்குரியது. விலை மிகவும் குறைவு. இரண்டு பெட்டி ரவையும் சேர்த்துத் தருவார்களாம். அந்த ரவை கடைகளில் அரிது என்று மருமகள் தடுக்கிறாள். யார் சொல்வது சரி?
– வாசகி, நல்லூர்

பதில்: மருமகள் சொல்வதே சரி. ஆனால் அந்த ரவை வலுவற்றது என்று எவரும் சொன்னால் அதை நம்ப வேண்டாம். 1911ஆம் ஆண்டிலிருந்து அமெரிக்க இராணுவக் கைத்துப்பாக்கியில் பயன்பட்ட .45 ஏ.சி.பி. ரவையின் வலுவை, பரவலாகப் பயன்படும் 9 மி.மீ. துப்பாக்கியின் அளவேயுள்ள கைப்பிடிக்குள் அடக்குவதற்காக, கிளொக் நிறுவனமும் ரவை தயாரிக்கும் ஸ்பியர் நிறுவனமும் சேர்ந்து 2003இல் கோதின் (வெடிமருந்தை அடக்கிய உலோக உறையின்) நீளத்தைக் குறைத்து உருவாக்கியதே இந்த ரவை. நியூயோர்க், பென்சில்வேனியா, ஜோர்ஜியா மாநிலப் பொலிஸ் பிரிவுகள்கூட அதை ஏற்றுப் பயன்படுத்திவிட்டுப் பின்னர் கைவிட்டன. குறை வலுவில் இல்லை, வழங்கலில்தான் இருக்கிறது.

தற்பாதுகாப்புக்கு வைத்திருக்கும் துப்பாக்கியைப் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் மட்டும் போதாது. ஆபத்து வேளையில் எந்த ரவையை நம்புகிறோமோ அதே ரவையைக் குறைந்தது ஓரிரு நூறு முறையாவது சுட்டு, அது தடங்கலின்றி இயங்குகிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். அதன் பின்னரும் பயிற்சி தொடர வேண்டும். ஒரு பெட்டியில் பெரும்பாலும் 50 ரவைகள், முனை குழிவான பாதுகாப்பு ரவையாயின் 20 மட்டுமே இருக்கும் என்பதால், நண்பர் தரும் இரண்டு பெட்டிகளும் முதல் பயிற்சியிலேயே முடிந்துவிடும். அதன்பின் 9 மி.மீ. ரவையைவிடக் கணிசமான விலை கொடுத்து, தேடித் தேடி வாங்க நேரும். துப்பாக்கியில் மிச்சம்பிடித்த பணமெல்லாம் அங்கேயே போய்விடும். உதிரிப்பாகத்துக்காக அலைந்தே பழைய ஒஸ்ரின் காரை ஓட்டியவர்களுக்கு இந்தக் கணக்கை நான் விளக்கத் தேவையில்லை.

தட்டுப்பாட்டுக் காலத்தில் அரிய ரவைகளே கடையில் மிஞ்சும் என்று சிலர் வாதிடுவதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் மிஞ்சியதும் தீர்ந்துவிட்டால் நிலைமை வேறு: தொழிற்சாலைகள் அதிகம் விற்பனையாகும் 9 மி.மீ. ரவையைத்தான் முதலில் தயாரிக்கும். இன்னொரு தொல்லை, பெயர் ஒற்றுமை. கடைக்குப் போகும் மருமகள் வெறுமனே ‘.45’ என்று கேட்டால் ஏ.சி.பி. பெட்டியைத்தான் கொடுப்பார்கள், அதன் கோது நீளமானது, இந்தத் துப்பாக்கிக்குப் பொருந்தாது.

ஆகவே அமெரிக்கப் பொலிஸ் பிரிவுகள் புதியவை வாங்கும்போது மாற்றாகக் கொடுத்துவிடும் பழைய 9 மி.மீ. துப்பாக்கிகளை உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே சில நூறு ஜி.ஏ.பி. ரவைகளைச் சேர்த்து வைத்திருப்பவரென்றால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னர் மகனின் வதிவிட நிலையைக் கேளுங்கள். மாணவர் விசாவிலோ தற்காலிக வேலை விசாவிலோ இருப்பவர், செல்லுபடியான வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இல்லாவிடில், துப்பாக்கியையோ ரவையையோ வைத்திருப்பதே அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம்; நிரந்தர வதிவிட உரிமை உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை. விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வரும்போது, பயிற்சிக்குக் கொண்டுபோகும் பையைப் பயணத்துக்கு எடுக்க வேண்டாம் என்றும் சொல்லி வையுங்கள். அதன் மூலையில் கிடக்கும் ஒற்றை ரவையே கட்டுநாயக்க விமான நிலையத்தில் அவரைத் தடுத்து நிறுத்தப் போதுமானது.