நடந்து பார்ப்போம்: வாசகர் கேள்வி – பதில்

மகள் இங்கிலாந்தின் டர்ஹாமில் படித்து முடித்துவிட்டாள். ஜூலையில் பட்டமளிப்பு விழா, நானும் கணவரும் போகிறோம். விழாவுக்கு முந்தைய நாள் அவள் தோழிகளோடு இருப்பாள்; எங்களுக்கு ஒரு பகல் முழுக்கச் சும்மா கிடைக்கிறது. இவருக்கு முழங்கால் வலி. குன்றின் மேல் ஊர் என்கிறார்களே, அதிகம் ஏறி இறங்காமல் பார்க்க வழி உண்டா?
– ஒரு வாசகி, மதுரை

தாராளமாக உண்டு. பேராலயமும் கோட்டையும் குன்றின் உச்சியில் இருக்கின்றன. அந்தக் குன்றை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு வியர் ஆறு ஓடுகிறது. கரையோரமாகவே கிளம்பி, கடைவீதி வழியாகப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். மொத்தமும் மூன்று கிலோமீட்டருக்குள்தான், பெரும்பாலும் சமதளம். ஒரு மணி நேரம் போதும் என்பார்கள். நீங்கள் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

என் மகன் குடும்பம் பக்கத்திலிருக்கும் நியூகாசிலில் இருக்கிறது, ரயிலில் கால் மணி நேரத் தூரம். அங்கே போகும்போதெல்லாம் இந்த நடையை நடக்காமல் நான் திரும்புவதில்லை. அதனால் உரிமையோடு சொல்கிறேன்: முதலில் குன்றின் மேல் ஏறாதீர்கள். ஆற்றைச் சுற்றிய பிறகு ஏறுங்கள்.

ஃபிராம்வெல்கேட் பாலத்தில் தொடங்குங்கள். 1400-இல் வந்த வெள்ளம் பழைய பாலத்தைக் கொண்டுபோன பிறகு கட்டியது இது. பாலத்தைத் தாண்டி, கடைவீதிக்கு எதிர்ப்பக்கம் போய், அங்கே கீழே இறங்குங்கள். இது முக்கியம். பேராலயம் இருக்கும் கரையில் நடந்தால் அது உங்கள் தலைக்கு மேலே இருக்கும், கண்ணுக்குப் படாது. எதிர்க்கரையிலிருந்துதான் முழு உருவமும் தெரியும்.

சில நிமிட நடையில் தடுப்பணை வரும். தண்ணீர் அகலமாக, சாய்வாக விழும் ஓசை முன்கூட்டியே கேட்கும். எதிரே நீரை ஒட்டி ஒரு பழைய கல் ஆலை நிற்கிறது. கம்பளித் துணியை நீரில் நனைத்து, அடித்துக் கெட்டியாக்கிய இடம். அங்கேயே நில்லுங்கள். ஆலைக்கு மேலே செங்குத்தாக மரக்கூட்டம். ஜூலையில் இலை அடர்ந்திருப்பதால் பாறை தெரியாது. மரங்களுக்கு மேலே நேராக இரட்டைக் கோபுரங்கள்தான் எழும். பேராலயத்தைக் கட்டத் தொடங்கியது 1093-இல், நாற்பது ஆண்டுகளில் முக்கால்வாசி முடித்துவிட்டார்கள். நம் தஞ்சைப் பெரிய கோயில் எழுந்து நூறாண்டுகூட ஆகாத காலம் அது. மறுநாள் உங்கள் மகள் பட்டம் வாங்கப்போவது அந்தக் கோபுரங்களுக்குப் பின்னால்தான். டர்ஹாம் பல்கலைக்கழகம் பட்டமளிப்பு விழாவைப் பேராலயத்துக்குள்ளேயே நடத்துகிறது. அதனால்தான் முந்தைய நாளே கீழிருந்து பார்த்துவிடுங்கள் என்கிறேன். பெண் எங்கே நிற்கப்போகிறாள் என்று தெரிந்துகொண்டு உள்ளே போவதே தனி சந்தோஷம்.

கோபுரங்களுக்கு முன்னால், பள்ளத்தின் விளிம்புவரை நீண்டுவரும் தாழ்ந்த கட்டடத்தையும் கவனியுங்கள். கலிலி சிற்றாலயம். இதைக் கிழக்குப் பக்கம் கட்டத்தான் முதலில் முயன்றார்களாம். சுவர் விரிசல் விட்டுக்கொண்டே இருந்ததாம். பேராலயத்துக்குள் அடக்கமாகியிருக்கும், இந்தப் பகுதியின் பழைய ஆயரான புனித கத்பர்ட்டுக்கு அது பிடிக்கவில்லை என்று மேற்கே மாற்றியதாக ஊர்க்கதை.

அடுத்து பிரெபெண்ட்ஸ் பாலம். 1771 வெள்ளத்துக்குப் பின் கட்டி 1778-இல் முடித்தது. உங்கள் கணவரின் காலை இங்கே விசாரித்துக்கொள்ளுங்கள். வலி என்றால் பாலம் தாண்டியதும் நேரே மேலேறும் தெரு பேராலயத்துக்குக் கொண்டுபோய்விடும். மெதுவான ஏற்றம்தான், ஆனால் உருண்டைக்கல் பாவிய தரை, பார்த்து நடக்க வேண்டும். வலி இல்லையென்றால் பாலத்தைக் கடந்து ஆற்றோரமாகவே தொடருங்கள்.

அந்தப் பாதி முழுக்க மர நிழல். நடுவில் தூண்கள் வைத்த ஒரு குட்டிக் கோயில் போன்ற கட்டடம் வரும். ஜோசப் போருவ்லாஸ்கி என்ற போலந்துக்காரரின் பெயரால் அதைச் சொல்கிறார்கள். ஒரு மீட்டருக்கும் குறைந்த உயரம். ஐரோப்பிய அரண்மனைகளில் பிறருக்கு வேடிக்கை காட்டிப் பிழைத்தவர், கடைசியில் இந்த ஊரில் நிம்மதியாக வாழ்ந்து 1837-இல், 97 வயதில் இறந்தார். அவர் குடியிருந்தது அந்தக் கட்டடத்தில் இல்லை, பக்கத்தில் ஒரு வீட்டில். பேராலயத்துக்குள்ளேயே அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். அந்த ஊர் மேல் எனக்குப் பிரியம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்புறம் கிங்ஸ்கேட் பாலத்துக்கு அடியில் நுழைந்து, எல்வெட் பாலத்தருகே படியேறினால் கடைவீதி. அந்தப் படிகளில் மட்டும் கணவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆறு ஏன் இப்படிக் குன்றைக் கயிறு போலச் சுற்றுகிறது?
– கோவை வாசகர்

பனியுகம்தான் காரணம். அதற்கு முன் ஆற்றுக்கு வேறு பள்ளத்தாக்கு இருந்தது. பனிப்பாறைகள் உருகியபோது விட்டுச்சென்ற களிமண்ணும் கல்லும் அதை அடைத்துவிட்டன. ஆறு புது வழி தேடி, மணற்பாறையை அறுத்துக்கொண்டு இறங்கியது. நடுவில் மிஞ்சியதுதான் குன்று. எதிரி வந்தால் ஒரு பக்கம் மட்டும் காவல் போட்டால் போதும் என்பதால் 995-இல் துறவிகள் கத்பர்ட்டின் உடலோடு வந்து அங்கேயே தங்கிவிட்டார்கள்.

நான் பொறியாளர். கிங்ஸ்கேட் பாலத்தில் என்ன பார்க்க வேண்டும்?
– சேலம் வாசகர்

நடுவில் உள்ள இணைப்பை. 1963-இல் கட்டிய கான்கிரீட் நடைபாலம், வடிவமைத்தவர் ஓவ் அரூப். சிட்னி ஆபெரா ஹவுஸுக்குக் கட்டமைப்பு வேலை செய்த நிறுவனம் அவருடையது. ஆற்றுக்குள் சாரம் கட்டுவதைத் தவிர்க்க, பாலத்தின் இரண்டு பாதிகளையும் கரைக்கு ஒன்றாக, ஆற்றோட்டத்துக்கு இணையாகக் கட்டினார்கள். பிறகு ஒவ்வொன்றையும் கதவைத் திருப்புவதுபோல் திருப்பி நடுவில் சேர்த்தார்கள். சேர்ந்த இடத்தில் வெண்கல இணைப்பு கண்ணுக்குத் தெரிகிறது. குனிந்து கை வைத்துப் பாருங்கள். 1988-இல் அரூப் இறந்தபோது அவருடைய அஸ்தியை இந்தப் பாலத்திலிருந்துதான் தூவினார்கள்.

மழை பெய்தால் இந்த நடை முடியுமா?
– திருச்சி வாசகி

தூறலுக்குப் பயப்பட வேண்டாம், அந்த ஊரில் தூறல் சகஜம். பலத்த மழைக்குப் பிறகு மட்டும் கீழ்ப்பாதை சேறாகிவிடும், வேர்களும் வழுக்கும். அப்போது அதே எதிர்க்கரையின் மேட்டில் போகும் சவுத் ஸ்ட்ரீட்டைப் பிடியுங்கள். பேராலயம் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நேருக்கு நேராக நிற்கும். செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ போடுங்கள்.