சின்னச் சுருட்டு, பெரிய விலை: கேள்வி-பதில்

கே: கியூபச் சுருட்டான கோயிபாவில் மினி டப்பா விலை குறைவாகக் கிடைத்தது. பெரிய கோயிபாவின் சின்ன வடிவம்தானே இது?

ப: இல்லை. மினி மெஷினில் செய்வது, உள்ளே நறுக்கிய இலை. கையால் சுருட்டிய சின்னது வேண்டுமென்றால் கோயிபாவிலேயே சிக்லோ 1 கேளுங்கள்; நீளம் 102 மி.மீ. அதே அளவில் மொன்டேகிறிஸ்டோ என்ற இன்னொரு கியூபப் பிராண்டின் 5-ஆம் எண் இன்னும் மலிவு. டப்பாவில் எழுதியிருப்பதைக் காசு கொடுப்பதற்கு முன்னால் படிக்க வேண்டும்.

கே: பார்டகாஸ் ஷார்ட்ஸ் ஒன்று வாங்கிப் பிடித்தேன். முதல் பாதி பிரமாதம். அப்புறம் ஒரே கசப்பு, நாக்கு எரிந்தது. "கியூபச் சரக்கு காரமாகத்தான் இருக்கும், பெட்டியாக எடுங்கள்" என்கிறார் கடைக்காரர்.

ப: ஒன்று வாங்கிப் பார்த்தீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் காரம் வேறு, கசப்பு வேறு. பார்டகாஸில் மிளகும் மண்வாசனையும் தூக்கலாக இருக்கும், அது காரம். நாக்கு எரிந்தது சூட்டினால். ஷார்ட்ஸின் நீளம் 110 மி.மீ., தடிமன் 42 ரிங் கேஜ், அதாவது 17 மி.மீ.க்கும் கொஞ்சம் குறைவு. இவ்வளவு சின்ன உடம்பில் புகை ஆற இடமில்லை. பஸ் வருவதற்குள் சிகரெட்டை முடிக்கிற மாதிரி இழுத்தால் கசக்காமல் என்ன செய்யும்? நிமிடத்துக்கு ஒரு இழுப்பு போதும், அதுவும் வாயோடு நிற்க வேண்டும்.

அடுத்ததைப் பற்றவைப்பதற்கு முன் விரல்களால் மெல்ல அழுத்திப் பாருங்கள், கட்டியோ பள்ளமோ தட்டுப்படும். நுனியை வெட்டிவிட்டு வெறும் காற்றை இழுங்கள். காற்று வரவில்லை என்றால் இலையை நெருக்கிச் சுருட்டிவிட்டார்கள். அதைக் கஷ்டப்பட்டு இழுக்க இழுக்கச் சூடுதான் ஏறும். சுவையை மூன்று பங்காகக் கவனியுங்கள். முதல் பங்கை மட்டும் நம்பி நான் வாங்கிய ஒரு பெட்டியில் பாதிக்கு மேல் அடைப்பு. மூக்கில் அமோனியா ஏறினால் சரக்கு புதுசு என்று அர்த்தம். பெட்டியைக் கவிழ்த்தால் அடியில் ஸ்பானிய மொழியில் மாதச் சுருக்கமும் ஆண்டும் குத்தியிருக்கும். சில மாதச் சரக்கு என்றால் ஒரு வருடம் தூங்கவிடுங்கள். பெட்டியைத் திருப்பிக் காட்ட மறுக்கும் கடையில் எனக்கு வேலையில்லை, உங்களுக்கும் இருக்கக் கூடாது. மேலே சுற்றிய தங்கத்தாளைப் பார்த்துக் காசு கொடுக்கிறவர்கள் இருக்கும்வரை இவர்கள் திருந்தப்போவதில்லை.

கே: ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

ப: சருகாகிவிடும், மீன்குழம்பு வாசனையும் சேரும். 65 முதல் 70 சதவீத ஈரப்பதம் நிற்கிற மூடிய பெட்டியில் வையுங்கள்.

கே: விலை ஏறிக்கொண்டே போகிறது. இப்போதே மொத்தமாக வாங்கிப் போடட்டுமா?

ப: 1962-இல் கியூபா மீதான வணிகத் தடையில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அமெரிக்க அதிபர் கென்னடி தன் செய்திச் செயலர் பியர் சாலிஞ்சரை அனுப்பி ஆயிரம் உப்மன் சுருட்டு கேட்டார், 1,200 கிடைத்தது. சாலிஞ்சரே பின்னாளில் சொன்னது இது. மறுநாள் கடையை மூடும் அதிகாரம் உங்களிடம் இல்லையே, அப்புறம் என்ன அவசரம்?

கே: ஹவானா தெருவில் ஒருவர் தன் மைத்துனர் சுருட்டுத் தொழிற்சாலையில் இருப்பதாகச் சொல்லி, கண்ணாடி மூடி போட்ட கோயிபா பெட்டியைப் பாதி விலைக்குத் தந்தார். போலி என்கிறாள் மனைவி.

ப: உங்கள் மனைவி சொல்வது சரி, வருந்துகிறேன். கோயிபா கண்ணாடி மூடியில் வருவதே இல்லை. உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். அந்த மைத்துனர் கதையை அங்கே போகிற எல்லாரிடமும் சொல்கிறார்கள், நன்றாகவே சொல்கிறார்கள். அசல் பெட்டியில் பச்சை வெள்ளை அரசு முத்திரைத்தாள் ஒட்டியிருக்கும், 1912-லிருந்து வரும் வழக்கம் அது. 2010-இல் அதில் ஹோலோகிராமும் பார்கோடும் சேர்ந்தன. மரத்தின் அடியில் 'டோட்டால்மென்டே ஆ மானோ', முழுக்கக் கையால் செய்தது, என்று சூட்டுக்குறி இருக்கும். அடுத்த முறை கியூபச் சுருட்டை அதிகாரபூர்வமாக விற்கும் லா காசா டெல் ஹபானோ கடையில் வாங்கி, பில்லைப் பத்திரமாக வையுங்கள். பில் இல்லாத பெட்டியை விமான நிலையச் சுங்கத்திலேயே பிடுங்கிக்கொள்ளலாம். கையிலிருப்பதைப் பற்றவைக்காதீர்கள், உள்ளே என்ன இலை என்று விற்றவருக்கே தெரியுமோ என்னவோ.